நிற்கும் மனிதன் – அமர்ந்த மனிதன் செப்புக்காசு: ராஜராஜனா, இலங்கை அரசரா?

#1 செப்புப்பெட்டி (திருச்சி)

வணக்கம். கலவை லாட் (பல காசுகளை மொத்தமாக விற்பது) ஒன்றில் வந்த மூன்று காசுகளின் படங்களை இணைத்திருக்கிறேன். விற்றவர் மூன்றுக்கும் "ராஜராஜ சோழன்" என்றே சீட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார்.

அ) 19 மி.மீ., 3.92 கிராம். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். அமர்ந்தவர் பக்கத்தில் மூன்று வரி நாகரி எழுத்து (தேவநாகரியின் பழைய வடிவம்), ஓரளவு தெளிவு.

ஆ) 20 மி.மீ., 4.11 கிராம். உருவங்கள் அதேதான். எழுத்து நிறையத் தேய்ந்திருக்கிறது. "ஸ்ரீ ராஜ" வரைக்கும் கண்ணுக்குத் தட்டுப்படுகிறது, மிச்சம் மசமசப்பு.

இ) 18 மி.மீ., 3.05 கிராம். நிற்கும் உருவம் இருக்கிறது. பின்னால் மாடு படுத்திருப்பது போல ஒன்று, அதன் கீழே எழுத்து. அங்கங்கே வெளிர்பச்சைப் பொடி.

மூன்றும் ராஜராஜன் என்பதை நம்பலாமா? எடையை வைத்துப் பிரிக்க முடியுமா?

#2 எழுத்தாணி

எடையை வைத்துப் பிரிக்க முடியாது. இந்த வகைச் செப்புக்காசுகள் சோழருடையதானாலும் இலங்கையின் பொலன்னறுவை அரசருடையதானாலும் பெரும்பாலும் மூன்றரை முதல் நாலரை கிராமுக்குள் வரும். தேய்மானத்தையும் களிம்பையும் சேர்த்துப் பார்த்தால் 3.92, 4.11 இரண்டும் எங்கு வேண்டுமானாலும் பொருந்தும். எடை உதவும் இடம் வேறு: அரைக்காசு, கால்காசு, அரைக்கால் என்று சின்ன மதிப்புகளும் உண்டு, அவற்றைத் தனியே எடுத்து வைக்கலாம்.

உருவமும் பெரிதாகக் கைகொடுக்காது. தாமரை ஏந்தி நிற்பவர், விளக்கு, மேலே பிறையோடு அடுக்கிய புள்ளிகள், மறுபக்கம் கையில் சங்கு போன்ற ஒன்றோடு அமர்ந்தவர். இந்த ஒரே பொம்மையைச் சோழரும் அடித்தார்கள், சோழரை விரட்டியவர்களின் வழிவந்தவர்களும் அடித்தார்கள். ஆளைக் காட்டிக் கொடுப்பது அமர்ந்தவரின் இடக்கைக்குக் கீழே உள்ள மூன்று வரி எழுத்து மட்டும்.

உங்கள் 'ஆ' படத்தில் அந்த இடம் போன் ஃபிளாஷில் வெளிறிப் போயிருக்கிறது. ஃபிளாஷ் நேர் எதிரே அடித்தால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகிவிடும். இப்படி எடுத்துப் பாருங்கள்:

அறையை இருட்டாக்கி, காசைக் கறுப்புத் துணியில் வையுங்கள். போனைக் காசுக்கு நேர் மேலே ஸ்டாண்டில் நிறுத்துங்கள், கையில் பிடிக்க வேண்டாம். சின்ன டார்ச் ஒன்றை மேசையோடு ஒட்டினாற்போல் 10 முதல் 15 டிகிரி சாய்வில் வைத்து ஒரு படம். டார்ச்சை நகர்த்தாமல் காசை 45 டிகிரி திருப்பி அடுத்த படம். இப்படி எட்டுப் படம். பிறகு கறுப்பு வெள்ளையாக்கி, எல்லாப் படத்தையும் எழுத்து நிமிர்ந்து நிற்கும்படி சுழற்றி அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். செங்குத்துக் கோடுகள் பக்கவாட்டு வெளிச்சத்திலும், கிடைக்கோடுகள் மேல் கீழ் வெளிச்சத்திலும்தான் எழும்பும். ஒரே படத்தை வைத்து வாசிப்பதால்தான் பாதி எழுத்துகள் தவறாகப் போகின்றன.

இன்னொன்று, 'ஆ'வின் நிற்கும் பக்கத்தைத் தலைகீழாக எடுத்திருக்கிறீர்கள். இந்தக் காசுகளில் பிறையின் கொம்புகள் மேல்நோக்கி இருக்க வேண்டும். முகம் எது, கால் எது என்று குழம்பினால் முதலில் பிறையைத் தேடுங்கள்.

#3 மீன்கொடி (மதுரை)

'அ' சந்தேகமே இல்லை. ஸ்ரீ, ரா, ஜ, ரா, ஜ எல்லாம் படத்திலேயே தெரிகிறது. ராஜராஜன் (985–1014) பெயரில் வந்த செப்புக்காசு. தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் ஏராளமாகக் கிடைப்பது. அவர் காலத்துக்குப் பிறகும் இதே பெயரில் அடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள் என்ற கருத்து உண்டு, அதனால் சீட்டில் "ராஜராஜன் பெயரிட்டது" என்று எழுதுவதுதான் பத்திரம்.

'ஆ'வில்தான் விஷயம் இருக்கிறது. "ஸ்ரீ ராஜ" என்று தெரிந்ததும் ராஜராஜன் என்று முடிவு கட்டுவது இந்தத் துறையில் எல்லாரும் விழும் குழி. அதே மூன்று எழுத்தில் தொடங்கும் இன்னொரு காசு உண்டு: ஸ்ரீ ராஜ லீலாவதி. முதலாம் பராக்கிரமபாகுவின் பட்டத்தரசி. பொலன்னறுவையில் மூன்று முறை அரியணை ஏறியவர் (1197–1200, 1209–10, 1211–12). அரசியின் காசென்று பெண் உருவத்தைத் தேடாதீர்கள், அதே வேட்டி கட்டிய பொம்மைதான் நிற்கும். அச்சுக் கொத்தியவர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

ஆகவே தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவையும் கடைசியையும் பாருங்கள். நாகரி சரளமாக வராதவர்களுக்கு வடிவத்தைச் சொல்கிறேன்.

"ரா" என்றால் சின்னக் கொக்கி ஒன்று, அதன் வலப்பக்கம் தனியாக ஒரு நேர்கோடு. "லீ"யில் நெடில் குறி எழுத்தின் வலப்பக்கம் நேராக இறங்கி, தலைக்கு மேலே வளைந்திருக்கும். மேல் விளிம்பைத் தாண்டி ஒரு வளைவு எழும்பினால் அது "ரா" ஆக இருக்க வழியில்லை.

கடைசி வரியில் "ஜ" வந்தால் நேர்கோட்டின் இடப்பக்கம் வாய் திறந்த வளைவு. "வ" வந்தால் அதே இடத்தில் வாய் மூடிய வட்டம். தேய்ந்த காசிலும் மூடிய வட்டம் ஒரு குழியாக மிஞ்சும், திறந்த வளைவு கீறலாக மிஞ்சும்.

மற்ற இலங்கை அரசர்களின் பெயர்களையும் இப்படிக் கடைசியிலிருந்து பிடிக்கலாம். பராக்கிரமபாகு, விஜயபாகு, புவனைகபாகு மூன்றும் "ஹு" என்று முடியும். அதில் நேர்கோடே கிடையாது, சுருண்டு அடியில் கொக்கி போட்டு நிற்கும். "ஹு" கிடைத்துவிட்டால் ராஜராஜனும் லீலாவதியும் ஒரே அடியாக ஆட்டத்திலிருந்து வெளியே. பிறகு நடுவரியில் கூட்டெழுத்து நெருக்கமாக இருந்தால் பராக்கிரம, எழுத்துகள் தனித்தனியாக நின்றால் விஜய. சகசமல்லன் (1200–1202) காசு "ல்ல" என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி முடியும். தர்மாசோகன் (1208–09) காசு "தேவ" என்று முடிவதால் அங்கும் மூடிய வட்டம் வரும், ஆனால் அதன் தொடக்கத்தில் "ராஜ" இருக்காது.

#4 வடமராட்சி

'இ' சேதுக் காசு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின்ரை. படுத்திருக்கிற நந்தி, மேலை பிறை, கீழை தமிழில் "சேது". சுற்றிவர புள்ளி வளையம். உதை ராஜராஜன் எண்டு வித்தவர் பின்பக்கத்தைத் திருப்பியே பார்க்கேல்லைப் போலக் கிடக்கு.

வாசிக்கேக்கை கவனியுங்கோ: இண்டைக்கு நாங்கள் எழுதிற மாதிரி இரட்டைச் சுழிக் கொம்பைத் தேடக் கூடாது. அந்தக் காலத்து எழுத்தில் எகர ஏகார வேறுபாடு காட்டேல்லை. ஒற்றைக் கொம்பு, சகரம், "து", அவ்வளவுதான். காசு அடிக்கிற செப்பு வில்லை சின்னன், அச்சுப் பெரிசு எண்டபடியால் கனக்கக் காசுகளிலை கொம்பு வெளியாலை போய் வெறும் "சது" மாதிரித்தான் தெரியும். நந்தியின்ரை வயித்துக்கு நேர் கீழை பாருங்கோ.

வெளிர்பச்சைப் பொடி எண்டு சொன்னதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. அதைத் தனியாய் எடுத்து வையுங்கோ, மற்றக் காசுகளோடை ஒரே பெட்டியிலை போடாதேங்கோ.

#5 செப்புப்பெட்டி

நன்றி. இன்று இரவு படம் எடுக்கிறேன். அதற்குமுன் 'ஆ'வைக் கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து எழும்பாதா? குத்துவிளக்குக்குச் செய்வதுதானே.

#6 களிம்புக்காரர்

தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்கு கெட்டியான வார்ப்பு, மேல்தோல் போனாலும் விளக்கு விளக்காகவே இருக்கும். எண்ணூறு வருடம் மண்ணில் கிடந்த காசில் எழுத்தின் மேடு பல இடங்களில் உலோகமாகவே இல்லை, ஆக்சைடாக மாறியிருக்கும். அதாவது நீங்கள் வாசிக்கப் பார்க்கும் "லீ" அந்தப் பச்சை, கறுப்புத் தோலில்தான் நிற்கிறது. புளி, எலுமிச்சை, வினிகர், கோலா எதுவானாலும் அமிலம் அந்தத் தோலைத்தான் முதலில் கரைக்கும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில் அம்மைத் தழும்பு விழுந்த வில்லை. விலையும் போச்சு, எழுத்தும் போச்சு.

மண் ஒட்டியிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்: காய்ச்சி வடித்த நீரில் (பேட்டரித் தண்ணீர் என்று கடையில் கிடைப்பது, ஆனால் அமிலம் கலக்காத வெறும் நீர்தானா என்று பார்த்து வாங்குங்கள்) இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றுங்கள். மண் இளகியதும் மூங்கில் பல்குத்தியாலோ கருவேல முள்ளாலோ உருப்பெருக்கியின் கீழ் தள்ளி எடுங்கள். முள் நல்ல கருவி: மண்ணைவிடக் கடினம், செம்பைவிட மென்மை. ஊசி, பிளேடு, பித்தளை பிரஷ் எதுவும் வேண்டாம். எழுத்து போதுமான அளவு தெரிந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று போவதில்தான் காசுகள் நாசமாகின்றன.

'இ'க்கு வருகிறேன். இறுகிய கரும்பச்சை பாட்டினா (காலப்போக்கில் செம்பின் மேல் படியும் தோல்) வேறு, வெளிர்பச்சைப் பொடி வேறு. பொடி என்பது உள்ளே குளோரைடு வேலை செய்வதன் அடையாளம். ஈரக்காற்று பட்டால் அமிலம் உண்டாகி உலோகத்தைத் தின்னும், தின்றதில் மறுபடி குளோரைடு பிறக்கும், சுற்று ஓயாது. உறுதிப்படுத்த: பொடியை மென்பிரஷால் தட்டிவிட்டு, ஈர டிஷ்யூ வைத்த மூடிய டப்பாவில், டிஷ்யூவில் படாமல், ஒரு நாள் வையுங்கள். அதே இடங்களில் புதுப்பொடி பூத்தால் நோய் உயிரோடு இருக்கிறது.

அப்படியானால் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 24 கிராம், ஆப்பச் சோடா 19 கிராம் கரையுங்கள். இது ஏறத்தாழ 5 சதவீத செஸ்குவிகார்பனேட் கரைசல். காசை மூழ்கவிட்டு வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். வாரங்கள் எடுக்கும், மாதங்களும் எடுக்கலாம், அவசரப்படக் கூடாது. கரைசல் நீலம் பூசினால் பாட்டினாவும் சேர்ந்து கரைகிறது என்று பொருள், உடனே எடுத்துவிடுங்கள். முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, அசிட்டோனில் முக்கி உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பங்கரையில் செய்யாதீர்கள்.

#7 எழுத்தாணி

பின்குறிப்பாக ஒன்று. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஓரத்தில் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பச்சை நிறம் பஞ்சில் ஏறினால் அது பாட்டினா அல்ல, பூசிய பெயின்ட். சாதாரண ராஜராஜன் செப்பைப் போலி செய்வதில் காசு பார்க்க முடியாது, ஆனால் தேய்ந்த எழுத்தைக் கீறி "திருத்தி" அரிய பெயராக்குவது நடக்கிறது. அடித்த எழுத்தின் சரிவில் பாட்டினா தொடர்ச்சியாக ஏறி இறங்கும். கீறிய எழுத்தில் பள்ளம் 'வி' வெட்டாக, அடியில் நிறம் மாறிப் புது உலோகம் மினுங்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும்.

#8 புலிமுத்திரை

இந்த வகையைச் சேகரிப்பாளர்கள் "சிலோன் மேன்" என்றே சொல்கிறார்கள். ஈழத்தை வென்ற பிறகு ராஜராஜன் அங்கிருந்த காசைப் பார்த்து அடித்தார் என்ற பழைய விளக்கத்தை எல்லாரும் திருப்பிச் சொல்கிறோம். சோழரிடமிருந்து இலங்கைக்குப் போனது என்று ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? செப்பில் முந்தியது ராஜராஜன் பெயர் போட்டதுதானே.

#9 மீன்கொடி

செப்பில் மட்டும் பார்த்தால் உங்கள் வாதம் நிற்கும். இலங்கைப் பொன்னைப் பார்த்தால் ஆட்டம் காணும். "ஸ்ரீ லங்காவிபு" என்று நாகரியில் எழுதிய கஹவணு பொற்காசு ஏறக்குறைய 4.3 கிராம், அதில் அரை, கால், அரைக்கால் என்று பகுதிகள். நிற்பவர், அமர்ந்தவர் அமைப்பு அதில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பொதுவாகச் சோழர் வருகைக்கு முந்தியதாகத்தான் வைக்கிறார்கள். அரசன் பெயர் போடாத காசு என்பதால் காலக்கணிப்பில் இழுபறி உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். என் சாய்வு பொன் முன்னது, செப்புப் பின்னது என்ற பக்கம்.

சோழருக்கே சொந்தமான அமைப்பு என்றால் அது புலிக்காசு. குடையின் கீழே அமர்ந்த புலி, எதிரே மீன், கூடவே வில். சோழ, பாண்டிய, சேர சின்னம் மூன்றும் ஒரே வட்டத்தில். அதில் யாருக்கும் "சிலோன்" என்ற பேச்சே வராது.

#10 வைகைக்கரை

இடையில் ஒரு கேள்வி. மீன் இருந்தால் பாண்டியர் என்று எடுத்துக்கொள்ளலாமா? என்னிடம் இருப்பதில் நிற்கும் மனிதன் ஒரு பக்கம், மறுபக்கம் செங்குத்தாக இரண்டு மீன், நடுவே வளைந்த ஒரு குறி. பிறகு 0.52 கிராம் பொற்காசு ஒன்றும் பார்வைக்கு வந்திருக்கிறது, அடர்த்தி பார்த்து வாங்கலாமா?

#11 மீன்கொடி

மீன் தனியாக நின்று தமிழ் எழுத்தும் இருந்தால் பாண்டியர். மீனுக்குப் பக்கத்தில் புலி உட்கார்ந்திருந்தால் சோழர். உங்களுடையதில் நடுவே இருப்பது குறியல்ல, "சு" என்ற தமிழ் எழுத்து. சுந்தர பாண்டியன். தலைகீழாகப் பிடித்தால் ஏதோ சின்னம் போலத்தான் தோன்றும்.

பெயர் முழுதாக வரும் பாண்டியர் காசுகளில் "எல்லாந்தலையானான்", "சோணாடு கொண்டான்" போன்ற பட்டங்கள் வரிவரியாக இருக்கும். வாசிக்கும்போது இரண்டு தொல்லை. புள்ளி வைக்க மாட்டார்கள், ஆகவே "கொண்டான்" என்பது "கொணடான" என்றுதான் நிற்கும். ரகரமும் காலும் ஒரே வடிவம், எது எது என்பதைச் சொல்லை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்காமல், தெரிந்த பட்டங்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து எது பொருந்துகிறது என்று பார்ப்பது சீக்கிரம் முடியும்.

#12 எழுத்தாணி

0.52 கிராமுக்கு அடர்த்தி பார்ப்பது வீண். கணக்கைப் பாருங்கள். தராசில் நீர்க்குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் மூழ்கவிட்டால் தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு, கன சென்டிமீட்டரில். காற்றில் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

4.30 கிராம் கஹவணு 0.25 காட்டினால் 17.2. சுத்தத் தங்கம் 19.3, ஆக இது 21 காரட் பக்கம் இருக்கும் நல்ல பொன். தராசு 0.01 தவறினாலும் 16.5-க்கும் 17.9-க்கும் நடுவேதான் விழும், முடிவு மாறாது. உங்கள் 0.52 கிராம் 0.03 காட்டும். அதே 0.01 தவறினால் விடை 13 ஆகவும் இருக்கலாம், 26 ஆகவும் இருக்கலாம். தங்கத்தைவிட கனமான தங்கம்! அரை கிராம் காசுக்கு 0.001 கிராம் தராசு வேண்டும், நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் குமிழி ஒட்டாமல் பார்க்க வேண்டும். அதுவும் பொன்னா என்றுதான் சொல்லும், பழசா என்று சொல்லாது. நல்ல பொன்னிலேயே போலி அடிக்கிறார்கள்.

#13 செப்புப்பெட்டி

'ஆ'வின் எட்டுப் படமும் இணைப்பில். மூன்றாவது, ஏழாவது படங்களில் "ஜ"வுக்கு அடுத்த எழுத்தின் மேலே ஒரு வளைவு எழும்புகிறது. கடைசி வரியில் இடப்பக்கம் குழி ஒன்று, மூடிய வட்டம் போல. ஈர டிஷ்யூ சோதனையில் 'இ'யில் இரண்டு இடங்களில் பொடி மறுபடி பூத்துவிட்டது.

#14 மீன்கொடி

ஏழாவது படமே போதும். அந்த வளைவு "லீ"யின் நெடில் குறி, கீழே "வ". லீலாவதி. ஐந்தாவது படத்தில் அதே இடம் "ரா" போலத் தெரிகிறது, காரணம் வெளிச்சம் பக்கவாட்டில் வந்து வளைவை அழித்துவிட்டது. விற்றவர் அதை மட்டும் பார்த்திருப்பார்.

#15 வடமராட்சி

எனக்கும் லீலாவதிதான். 'இ'யை இண்டைக்கே கரைசலிலை போடுங்கோ, மழைக்காலம் வருது.

#16 நாணயச்சந்தை

லீலாவதி என்றால் விலை எவ்வளவு போகும்? வெளிநாட்டில் கேட்டால் அதிகம் கிடைக்குமா?

#17 களிம்புக்காரர்

இங்கே விலை பேசுவதில்லை. ஆனால் வெளிநாடு என்று சொன்னதால் ஒரு வரி: நூறு ஆண்டு தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை இந்தியாவுக்கு வெளியே அனுப்பக் கூடாது. தபாலில் போட்டாலும் குற்றம்தான். மண்ணில் புதையலாகக் கிடைத்தது என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இலங்கையில் 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம்.

#18 எழுத்தாணி

செப்புப்பெட்டி, பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் காசின் வரலாறு. புதுச் சீட்டில் அளவு, எடை, வாசித்த எழுத்துகளை உள்ளபடி, வாசிக்க முடியாத இடத்தில் கோடு, ஊகித்த எழுத்தை அடைப்புக்குறியில், எந்த லாட், எந்தத் தேதி. 'ஆ'வுக்கு "ஸ்ரீ ராஜ லீ(லா)வ–" என்று எழுதுங்கள், "லீலாவதி" என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்கு எது கண்டது, எது ஊகம் என்று தெரியாது. உறை அமிலமில்லாத காகிதமாக இருக்கட்டும். படத்தில் தெரியும் அந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறை பி.வி.சி., நாளடைவில் கசிந்து செம்பில் பச்சைப் பிசுக்கு ஏற்றும். 'அ'வை இன்றே அதிலிருந்து வெளியே எடுங்கள்.